அன்னைக்கு வராத இருவத்தாறு பேரு

அந்தப் பைய மட்டும் சித்தே மடியில வெச்சுக்கிட்டீங்கன்னா போதுமுங்க. ஆ, போதும் போதும், ஒக்காந்துக்கறேன். திருப்பூருக்குங்களா? நானும் அங்கதான். உங்க போன்ல மணி எத்தனைங்க? பத்தேகாலா? என்னுதுல பத்து இருவது காட்டுது. பன்னண்டுக்குள்ள கல்வி ஆபீசுல இருந்தாகோணும். பன்னண்டுக்கு மேல அதிகாரி கூட்டத்துக்குப் போயிருவாராமா, அப்பறம் அடுத்த வாரந்தானாமா. இந்த பஸ்ஸு என்னடான்னா மரத்துக்கு மரம் நிக்குது.

வாத்தியாரான்னு கேக்கறீங்களா? அட, இல்லீங்க. தறிக்காரன். பல்லடத்துக்கு அக்கட்டால மஞ்சக்காட்டுப்பாளையம். பேரு நாச்சிமுத்து. தறிக்காரனுக்குப் பள்ளிக்கூடத்துல என்ன சோலின்னா, நான் அங்க பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவருங்க. பதினோரு வருசமா நாந்தான். எம்பட புள்ளைங்க யாரும் அங்க படிக்கல. பேரனும் படிக்கல, அவனுக்குக் காலைல ஏழேகாலுக்கு வாசல்ல மஞ்ச வேன் வந்துருது. அது மருமக எடுத்த முடிவுங்க, அதுல நான் தலையிடறதில்ல. ஆனா சுதந்திர தினத்துக்கு மிட்டாயி, சுவத்துக்குச் சுண்ணாம்பு, போருக்கு மோட்டாரு, எல்லாம் நானு. ஊர்ல யாரை வேணா கேளுங்க.

அந்த எடமே எங்கப்பன் குடுத்ததுங்க. கல்லுல பேரு இருக்குது.

மூணு வருசத்துக்கு முந்தி அந்தப் பள்ளிக்கூடத்துல மொத்தமே ஒம்பது புள்ளைங்க. அஞ்சு வகுப்புக்கும் சேத்து ஒம்பது. எல்லாம் காலனிப் புள்ளைங்க. எங்க ஆளுங்க புள்ளைங்கதான் வேன்ல போயிருதுங்களே. ஒரே ஒரு ஹெட்மாஸ்டர், தண்டபாணின்னு. அவரே மணி அடிப்பாரு, அவரே பாடம் நடத்துவாரு, அவரே முட்டைய எண்ணி வெப்பாரு. ரிட்டயராக ரெண்டு மூணு வருசம், அதுவரைக்கும் எதுலயும் மாட்டிக்காமப் போயிரோணும்னு இருக்கற மனுசன். பக்கத்து ஊருப் பள்ளிக்கூடத்தோட இதச் சேத்திருவாங்கன்னு ஒரு பேச்சு கெளம்புச்சுங்க. எனக்கு ரெண்டு நாளு சோறு எறங்கல. எங்கப்பன் பேரு போட்ட கல்ல யாரு வந்து எங்க கொண்டி வெப்பா?

அப்பத்தான் ஒரு யோசன வந்துது. எம்பட தறிக்கொட்டாய்க்குப் பின்னால லைன் வீடு போட்டு பதினாலு குடும்பம் வெச்சிருந்தேன். எல்லாம் ஒடிசாக்காரங்க. புருசன் பொண்டாட்டி ரெண்டு பேரும் தறிக்கு வந்துருவாங்க, புள்ளைங்க காலியான நூல் கோனை அடுக்கி வெச்சு வெளையாடிட்டுக் கெடக்கும். ஒரு ஜூன் மாசம் நானே போயி, எல்லாத்தையும் பள்ளிக்கூடத்துல சேத்துங்கன்னேன். தயங்குனாங்க. எப்ப ஊருக்குப் போவோம்னு தெரியாது மொதலாளி, பாசை தெரியாது மொதலாளின்னாங்க. புள்ளைய அனுப்பாதவன் தறிக்கும் வர வேண்டாம்னுட்டேன். நல்லதுக்குத்தானுங்களே சொல்றோம். சித்தே கண்டிப்பாத்தான் சொல்லோணும்.

இருவத்தாறு பேரு சேந்தாங்க. ஒம்பதும் இருவத்தாறும் முப்பத்தஞ்சு. அடுத்த வருசமே ரெண்டாவது டீச்சர் போட்டாங்க.

ஞானசௌந்தரி டீச்சர். சிவகங்கைப் பக்கம். வந்தன்னைக்கு நானே பஸ் ஸ்டாப்புக்குப் போயிக் கூட்டிட்டு வந்தேன். ஒல்லியா, கண்ணாடி போட்டுக்கிட்டு, ஒரு துணிப்பையும் ஒரு குடையும். இதென்னத்தக் கிழிக்கப் போவுதுன்னு நெனச்சேனுங்க, பொய் சொல்லக் கூடாது. ஒரு மாசத்துல அந்தப் பொண்ணு லைன் வீட்டுக்கே வந்து, தண்ணிக்கு என்ன சொல்லுவீங்க, சோத்துக்கு என்ன சொல்லுவீங்கன்னு கேட்டுக் கேட்டு நோட்டுல எழுதிக்கிட்டாங்க. வகுப்புச் சுவத்துல தமிழ் எழுத்துக்குப் பக்கத்துலயே அவங்க எழுத்தையும் எழுதி வெச்சாங்க.

நான் பாத்துட்டுக் கேட்டேன், "ஏனுங் டீச்சர், நம்ம பள்ளிக்கூடத்துல எதுக்குங்க இந்தி எழுத்து?"

"இது இந்தி இல்லீங்கய்யா. ஒடியா."

"ரெண்டும் ஒண்ணுதானுங்களே."

அவங்க சிரிச்சாங்க. "பிள்ளைக இதுல இருந்து தமிழுக்கு ஏறி வருதுக, அவ்வளவுதான்"னாங்க. நான் விட்டுட்டேன். எனக்கு அந்தளவுக்குப் பெரிய மனசுங்க.

ஏனுங்க கண்டக்டர், எதுக்கு இங்க நிறுத்தியிருக்குது? ஆளே இல்லியே! ... டீ குடிக்கப் போயிட்டாராமா டிரைவரு. நல்லா இருக்குது நாயம்.

எங்க விட்டேன்? ஆங். பள்ளிக்கூடம் நெறஞ்சுருச்சு. ஆனா கட்டடம்? மேல சிமெண்டு சீட்டு, மூணு எடத்துல வெடிப்பு. மழ பேஞ்சா மூணாங்கிளாசு பூராவும் நாலாங்கிளாசுக்குள்ள வந்து ஒக்காந்துக்கும். பொட்டப்புள்ளைங்களுக்குக் கக்கூசு கெடையாது, வேலிக்கு அக்கட்டதான் போவுதுங்க. ஆபீசு ஆபீசா அலஞ்சேன். கேட்டா, இந்த வருசத்து நிதி தீந்துபோச்சும்பாங்க. ஏப்ரல்ல போனா, இப்பத்தானுங்க வருசமே ஆரம்பிக்குதும்பாங்க. அப்பத்தான் ஒரு மில்லுக்காரங்க டிரஸ்ட்டு பத்திக் கேள்விப்பட்டு, கால்ல விழாத கொறையாக் கேட்டு வாங்குனேன். ரெண்டு வகுப்பறை, ஒரு கக்கூசு, கட்டித் தர்றோம்னாங்க. ஆனா ஒரு கண்டிசன். ஒரு நாளு வருவாங்க, ஒவ்வொரு புள்ளையையும் வாசிக்க வெப்பாங்க, கழித்தல் கணக்குப் போடச் சொல்லுவாங்க. பள்ளிக்கூடத்துச் சராசரி அறுவதத் தாண்டோணும். நல்லாப் படிக்கற பள்ளிக்கூடத்துக்குத்தான் பணம்னுட்டாங்க. நாயந்தானுங்களே அதும்?

தண்டபாணி வாத்தியாரு ஒரு பரீட்ச வெச்சுப் பாத்தாரு. மொத்தச் சராசரி நாப்பத்தொண்ணு. நான் சொன்னேன், அந்த ஒம்பது பேர மட்டும் போட்டுப் பாருங்கன்னு. அறுவத்தெட்டு.

நீங்களே சொல்லுங்க. நாப்பத்தொண்ணு, அறுவத்தெட்டு. நீங்களா இருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?

டீச்சர்கிட்டப் போயி நின்னேன். அன்னைக்கு வராந்தாவுல அந்தச் சஸ்மிதாவ ஒக்கார வெச்சு வாசிக்கச் சொல்லிட்டிருந்தாங்க. சஸ்மிதான்னா எங்கிட்ட இருந்த பலராம் நாயக்கோட பொண்ணு. ஒம்பது வயசு, நாலாங்கிளாசு. இத்தினியூண்டு இருக்கும். தூக்கணாங்குருவி கூடு கட்டறதப் பத்தி ஏதோ பாடம்.

டீச்சர் சொன்னாங்க, "ஐயா, இன்னும் ஆறு மாசம் பொறுங்க. இந்த வருசம் கெடைக்கலைன்னா அடுத்த வருசம் கேப்போம். உள்ளத உள்ளபடி காட்டுவோம். ஒத்த எழுத்துத் தெரியாம வந்த பிள்ளைக இன்னைக்கு எழுத்துக் கூட்டுதுக. அதையும் அவங்க பாக்கட்டுமே."

அடுத்த வருசமாம்! சீட்டு விழுந்து ஒரு புள்ள மண்டை ஒடஞ்சா யாரு பதில் சொல்றது? தலைவரு நாந்தானுங்களே. அவங்களுக்கென்ன, படிப்பு மட்டும் பாத்தாப் போதும். நான் எல்லாத்தையும் பாக்கோணும்.

அதனால ஒண்ணு பண்ணுனேன். கெடுதல் ஒண்ணும் இல்லீங்க. டிரஸ்ட்டுக்காரங்க வர்ற வியாழக்கெழம, லைன் வீட்டுப் புள்ளைங்க எல்லாத்தையும் அமராவதி முதலைப் பண்ணைக்கு டூர் அனுப்பிச்சேன். எஞ்செலவுங்க. ரெண்டு வேனு, ஆளுக்கொரு பிரியாணிப் பொட்டலம், ஒரு மாம்பழ ஜூஸு. தொணைக்கு ரெண்டு பொம்பளைங்க, அவங்களுக்கு அன்னைக்குக் கூலி உண்டு. எந்த மொதலாளிங்க தறி ஓட்டறவன் புள்ளைங்கள டூர் கூட்டிட்டுப் போறான்? புள்ளைங்க வேனப் பாத்துட்டுக் குதிக்குது. இருவத்தஞ்சும் ஏறிருச்சு. அந்தச் சஸ்மிதா மட்டும் ஏறல. தலையச் சீவி, ரெட்டை ஜடை போட்டு, புஸ்தகத்த நெஞ்சோட அணைச்சுக்கிட்டு நிக்குது.

"மொதலாளி, இன்னிக்கி டெஸ்ட்டு."

"டெஸ்ட்டு அடுத்த வாரத்துக்குத் தள்ளி வெச்சுட்டாங்க கண்ணு. நீ ஏறு."

"டீச்சர் சொல்லலியே."

"டீச்சருக்கே இப்பத்தான் தெரியும். ஏறு சாமி, முதலை வாயத் தொறந்துட்டு ஒக்காந்திருக்கும், பாக்கலாம்."

ஏறுச்சுங்க. நான் சொன்னா நம்பும்ங்க அது.

நான் வண்டிய எடுத்துக்கிட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போயிட்டேன். வாசல்ல கோலம், தோரணம். டீச்சர் வெளிய வந்து ரோட்டையே பாத்துட்டு நிக்கறாங்க. விசயத்தச் சொன்னேன். அவங்க கண்ணாடியக் கழட்டித் தொடச்சாங்க, மறுக்கா போட்டுக்கிட்டாங்க. உள்ள போயிட்டாங்க. சரி, ஒத்துக்கிட்டாங்கன்னு நெனச்சேன்.

டிரஸ்ட்டுக்காரங்க காரும் கல்வி அதிகாரி ஜீப்பும் வந்துருச்சு. எல்லாரும் உள்ள போயாச்சு. நான் வாசல் கேட்டுப் பக்கத்துல நின்னு டீ வாங்கியார ஆளு பாத்துட்டிருக்கேன், ரோட்டுல ஒரு சின்ன உருவம் ஓடி வருது. ரெட்டை ஜடை. வேனு ஊர்க்கோடியில டீசலுக்கு நின்னுருக்குது, காரு இந்தப் பக்கம் திரும்பறதப் பாத்துட்டு எறங்கி ஓடியாந்திருக்குது. கால்ல ஒரு செருப்பு இல்ல. மூச்சு வாங்குது. "மொதலாளி, டெஸ்ட்டு இன்னைக்கித்தான்! வந்துட்டாங்க! நீங்களும் பாக்கல போல!"ங்குது. எனக்குத் தெரியாதுன்னு நெனச்சு எனக்குச் சொல்லுது பாருங்க.

நான் கேட்டச் சாத்துனேன்.

வேற வழி இல்லீங்க. ஒண்ணு மட்டும் உள்ள போனா, மத்ததெல்லாம் எங்கன்னு கேக்க மாட்டாங்களா? நாலு பேர்கிட்ட நான் என்னன்னு சொல்றது? தூக்கி வண்டியில முன்னால நிக்க வெச்சேன். அழும்னு நெனச்சேன். அழுகல. வண்டி கெளம்புனதும், வழியில இருக்கற போர்ட ஒவ்வொண்ணாச் சத்தம் போட்டுப் படிக்க ஆரம்பிச்சிருச்சு. "பஞ்சர் ஒட்டப்படும். பால் உற்பத்தியாளர் கூட்டுறவுச் சங்கம். வேகத்தடை, மெதுவாகச் செல்லவும். இங்கு குப்பை கொட்டாதீர்கள், மீறினால் அபராதம்." அவ்வளவு சத்தமா. ரோட்டுல போறவங்கல்லாம் திரும்பிப் பாக்கறாங்க. எனக்கு அத்தன எரிச்சலு. "சும்மா வா புள்ள"ங்கறேன். "கோழித் தீவனம், மாட்டுத் தீவனம், சில்லறை மற்றும் மொத்த விற்பனை"ங்குது. வேனு நின்ன எடம் வரைக்கும் நிறுத்தல. ஏத்தி விட்டுட்டு வந்தேன்.

ஒரு எழுத்துத் தப்பில்லாமப் படிச்சுதுங்க. அத எதுக்குச் சொல்றேன்னா, நான் உண்மைய மறைக்கற ஆளு இல்ல.

திரும்பி வந்து பாத்தா, ஒம்பது பேரும் நல்லாத்தான் வாசிச்சிருக்குது. டிரஸ்ட்டுல இருந்து வந்த பொண்ணு தட்டுத் தட்டுன்னு அந்தப் பலகை மாதிரி போன்ல மார்க் போடுது. எனக்கு வயித்துல பால் வாத்த மாதிரி இருந்துச்சு. அப்பத்தான் அதிகாரி வருகைப் பதிவேட்ட எடுத்தாரு.

"முப்பத்தஞ்சு பேர் போட்டிருக்கு. மீதி இருபத்தாறு பேர் எங்க?"

தண்டபாணி வாத்தியாரு, "லீவு சார்"ன்னாரு.

"இருபத்தாறு பேருமா? ஒரே நாள்லயா?"

நான் குறுக்க பூந்து, "அவங்க ஊர்ல ஏதோ திருவிழாங்க, குடும்பத்தோட போயிருக்காங்க"ன்னேன். அவரு பேர ஒவ்வொண்ணா வெரல் வெச்சுப் பாக்கறாரு. நாயக், சாஹூ, பெஹரா. "இந்தப் புள்ளைங்கல்லாம் நெசமாவே இருக்குதுங்களா, இல்ல டீச்சர் போஸ்ட்டுக்காகப் பேரெழுதி வெச்சிருக்கீங்களா?"ன்னாரு.

அப்பத்தான் அந்த டீச்சர் எந்திரிச்சாங்க. "இருக்காங்க சார். இப்ப முதலைப் பண்ணைக்குப் போயிருக்காங்க. இன்னைக்கு அவங்க இங்க இருக்கக் கூடாதுன்னு அனுப்பிட்டாங்க"ன்னாங்க. என் மொகத்தப் பாத்துக்கிட்டே சொன்னாங்க. நான் அந்தப் பொண்ணுக்கு வாடகைக்கு வீடு பாத்துக் குடுத்தவன். முன்பணத்தக் கொறைக்கச் சொல்லிப் பேசுனவன். ஒரு வார்த்த முன்னால எங்கிட்டச் சொல்லியிருக்கலாமில்லீங்களா?

கட்டடம் போச்சு. நாலுல மூணு பங்குப் புள்ளைங்க வந்திருந்தாத்தான் கணக்குல எடுப்பாங்களாம். காயிதத்துல எழுதியிருந்துச்சாம், இங்கிலீசுல, ரெண்டாம் பக்கத்துல. யாரு படிக்கறது?

அதோட போச்சுன்னாலும் பரவால்ல. அடுத்த சனிக்கெழம பலராம் வந்து நின்னான். ஏழு வருசமா எங்கிட்ட இருந்தவன், தறி சத்தத்த வெச்சே எந்த நூலு அந்துச்சுன்னு சொல்லுவான். "மொதலாளி, எம்பொண்ணுக்குப் படிக்கத் தெரியாதுன்னு உங்களுக்கு யாரு சொன்னா?"ன்னு கேட்டான். தமிழ்லதான் கேட்டான். "உன்ற புள்ளைய யாரு சொன்னா பலராமு, மொத்தமாப் பாத்து ஒரு முடிவு எடுத்தது, கட்டடத்துக்காக"ன்னேன். தலைய ஆட்டுனான். திங்கக்கெழம லைன் வீட்டுச் சாவியக் கொண்டாந்து குடுத்துட்டான். அவனப் பாத்து இன்னும் ஏழு குடும்பம். ஒருத்தன் போனா ஒட்டுக்காப் போயிருவாங்க, அவங்க அப்படி.

ஆபீசுல இருந்து புள்ளைங்கள மறுக்கா எண்ண வந்தாங்க. பதினேழு இருந்துச்சு. பதினேழு பேருக்கு ரெண்டு டீச்சர் எதுக்குன்னு, பணி நிரவல்னு ஒரு ஆர்டர் போட்டு டீச்சர மாத்திட்டாங்க. தண்டபாணி வாத்தியாருக்கு வெளக்கம் கேட்டு மெமோ. மனுசன் எங்கூடப் பேசறதில்ல. இப்ப மிச்சமிருக்கற ஒடிசாப் புள்ளைங்களும் சரியா வர்றதில்ல, டீச்சர் இல்லீன்னு அழுவுதுங்களாமா. மறுபடியும் மூடற பேச்சு வந்துருச்சு.

அதான், டீச்சரத் திருப்பிக் கூட்டியாந்துரலாம்னு போன வாரம் சோமனூர்ப் பக்கம் அவங்க இருக்கற பள்ளிக்கூடத்துக்கே போனேன். ஒரு மனு எழுதிட்டுப் போனேனுங்க. அவங்க ஒரு கையெழுத்து, வர்றதுக்குச் சம்மதம்னு போட்டாப் போதும்.

வாசல்ல நொழையறேன், வகுப்புல இருந்து ஒரு புள்ள "மொதலாளி!"ன்னு ஓடியாருது. சஸ்மிதா. பலராம் அங்கதான் ஒரு தறிக்கொட்டாய்ல சேந்திருக்கான், எனக்குத் தெரியாது. எம்மேல கோவமா இருக்கும்னு நெனச்சேன். கையப் புடிச்சு இழுத்துட்டுப் போயி டீச்சர் முன்னால நிறுத்துது.

டீச்சர் நாற்காலி போட்டாங்க, தண்ணி குடுத்தாங்க. மனுவ நீட்டுனேன். கை பூரா சாக்பீசு, அப்படியே அந்தப் புள்ளகிட்டக் குடுத்து, "படி, கேப்போம்"னாங்க.

படிச்சுதுங்க. பெறுநர், அனுப்புநர், ஐயா, வணக்கம், எல்லாம். தடங்கலே இல்ல. கடகடன்னு வந்துச்சு. "மேற்படி பள்ளியில் வெளிமாநிலக் குழந்தைகளின் பின்தங்கிய நிலை காரணமாகவே தேர்ச்சி விகிதம் குறைந்து, நிதி கிடைக்காமல் போனது என்பதைத் தெரிவித்துக்கொள்கிறேன்." அங்க நிறுத்துச்சு.

"பின்தங்கியன்னா என்னங்க மொதலாளி?"

டீச்சரப் பாத்தேன். அவங்க சன்னலுக்கு வெளிய பாத்துட்டிருக்காங்க. "அது... பின்னால நிக்கறதுன்னு அர்த்தம் கண்ணு"ன்னேன்.

"நான் குட்டைதானுங்களே, பிரேயர்ல மொத ஆளா முன்னாலதான் நிப்பேன். யாருங்க பின்னால நின்னது?"

டீச்சர் மனுவ வாங்கி மடிச்சு எங்கையில குடுத்தாங்க. "இங்க எனக்கு இருபத்தொம்பது பிள்ளைக இருக்காங்கய்யா. வரச் சொல்லி ஆர்டர் வந்தா வர்றேன். ஆனா இதுல நான் கையெழுத்துப் போட மாட்டேன்"னாங்க. அவ்வளவுதான். அந்தப் புள்ள பஸ் ஸ்டாப்பு வரைக்கும் கூட வந்துச்சு. டாட்டா காட்டுச்சு.

இதோ இருக்குதுங்க, இந்தக் கவர்லதான். நாலு நாளா எடுத்து எடுத்துப் பாக்கறேன். மருமக படிச்சவ, கொஞ்சம் மாத்திக் குடு சாமின்னேன். அந்த ஒரு வரிய எடுத்துருங்க மாமாங்கறா. எடுத்துறலாம், ஒரு கோடு போட்டா ஆச்சு. ஆனா அத எடுத்துட்டா, ஏன் நிதி வரல, ஏன் டீச்சர் போனாங்க, அன்னைக்கு இருவத்தாறு பேரு ஏன் வரலைங்கறதுக்கு ஒரு காரணம் எழுதோணுமில்லீங்களா?

அந்த எடத்துல எம்பட பேரத்தானுங்களே எழுதோணும்.